இதழ் ஒட்டாத வாக்கியம்

என் மாமனார் எங்கள் வீட்டில் குடியேறிய நாளன்றுதான் என் மனம் பழுதுபட்டிருக்கிறது என்பதை நான் அறிந்தேன். இரண்டுக்கும் உள்ள தொடர்பு கேட்பவர்க்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கும் இப்போது அப்படித்தான் இருக்கிறது, அன்று இருக்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குச் செல்லும் சாலையிலிருந்து இரண்டாவது தெருவில் எங்கள் வீடு. காலை உணவு முடிந்திருந்த வேளை. மனைவி முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தாள். நான் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தேன். வாசலில் 'குட்டியானை' எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஓர் இரும்புக் கட்டில் இறங்கிற்று. பின்னர் ஒரு மேசை விசிறி, அரிசி மூட்டை, தகரப் பெட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில் என் மாமனார்.

ஆரணிக்கு அருகில் நெல் விளையும் நிலமும் அதை ஒட்டி ஒரு வீடும் உடையவர் அவர். மாமியார் மறைந்தபின் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தனியாக இருந்தார். வேறெங்கோ செல்லும் வழியில் எங்களைப் பார்க்க இறங்கியிருக்கிறார் என்றே நினைத்தேன்.

"எங்கே மாமா, இவ்வளவு சாமான்களோடு?"

அவர் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தபடியே உரக்கச் சிரித்தார். "இன்னா மாப்ள, தமாசா? நான் வர்றேன்னதுக்கு 'அருமை'ன்னு சொன்னீங்களாமே, பொண்ணு போன்ல சொல்லிச்சு. மாமனாரு வந்து தங்குறதுக்கு அருமைன்னு சொன்ன மொத மாப்ள எங்க ஜில்லாவுலயே நீங்கதான். ஊர் பூரா சொல்லிக்கினு வந்தேன். எவனும் நம்பல."

எனக்கு ஒன்றும் நினைவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு, கட்டிலின் மறுகாலைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அவருடைய வருகை எனக்கு வருத்தம் தரவில்லை. அவர் நல்ல மனிதர். ஆனால் ஒரு மனிதர் கட்டிலோடு வந்து சேரும் அளவுக்கு முடிவாகிவிட்ட ஒரு செய்தி எப்படி என் செவியைத் தொடாமலே போயிற்று என்பது நாள் முழுதும் என்னை அரித்தது.

என் மனைவி கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில், தகடு அழுத்தும் பிரிவில் மேற்பார்வையாளர். மாலையில் அவள் திரும்பியதும், மாமனார் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "உன் அப்பா வருவதாக நீ என்னிடம் சொல்லவே இல்லையே" என்றேன்.

"இன்னாங்க, வெளயாடுறீங்களா? அடுப்பாண்ட நின்னுகினு உங்க மூஞ்சியப் பாத்துதான கேட்டேன்? 'நைனா அங்க ஒண்டியா கெடக்குறாரு, இங்கியே இட்டாந்துடட்டா?'ன்னு. நீங்க கண்ணு கொட்டாம என்னியே பாத்துட்டு 'அருமை'ன்னீங்க. நான் உள்ள போயி அழுதேன், தெரியுமா? இப்டி ஒரு புருசனான்னு."

அந்த வாக்கியத்தை அவள் மறுபடி சொன்னவுடன் எனக்கு நினைவு வந்துவிட்டது. சொல்லுக்குச் சொல் நினைவு வந்தது. ஆனால் அது எனக்கு ஒலியாக மட்டுமே, இன்னும் சரியாகச் சொன்னால் வாயசைவாக மட்டுமே, நினைவில் இருந்தது. அதற்கு ஒரு பொருள் உண்டு என்பது அந்தக் கணம்வரை எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

இதை விளக்க என் தொழிலைச் சொல்ல வேண்டும். தெலுங்குத் தொடர்களுக்குத் தமிழில் உரையாடல் எழுதுபவன் நான். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்குதான். அதைப் படிக்காமலே கற்றேன். தமிழை முறையாகப் படித்தேன். படம் அவர்களுடையது, முகம் அவர்களுடையது, வாயசைவும் அவர்களுடையது. அந்த வாயசைவுக்குள் அடங்குமாறு தமிழ்ச் சொற்களை அமைப்பதே பணி. நடிகரின் இதழ்கள் ஒட்டும் இடத்தில் தமிழிலும் பகரமோ மகரமோ வந்தாக வேண்டும். ஒட்டாத இடத்தில் அவை வரக் கூடாது. கல்லூரியில் எழுத்துகளின் பிறப்பிடங்களை மனப்பாடம் செய்த காலத்தில், இதழ் இயைந்து பிறப்பவை எவை என்று தேர்வுத்தாளுக்கு வெளியே எவரும் என்னைக் கேட்கப் போவதில்லை என்று நினைத்திருந்தேன். இருபது ஆண்டு கழித்து அந்த ஒன்றைத்தான் நாள்தோறும் கேட்டார்கள்.

தொழிலை நான் விரும்பினேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உரைநடையில் ஒரு சொல் பிசகினாலும் உறுத்தும் இயல்பு எனக்கு. பேச்சுத்தமிழைச் சிதைவு என்று கருதிக்கொண்டிருந்தவன். அந்த எண்ணத்தை இத்தொழில்தான் மாற்றியது. தெலுங்கில் 'வத்து' என்று மறுப்பார்கள். அதில் இதழ் ஒட்டாது. அதற்கு 'வேண்டாம்' என்று எழுதினால் கடைசி மகர ஒற்றில் வாய் மூடிவிடுமே என்று அஞ்சி, சுற்றி வளைத்து வேறு ஏதோ எழுதி அனுப்பியிருந்தேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல் கொடுத்த பெண்மணி அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார். "எதுக்கு சார் இவ்ளோ கஷ்டம்? 'வேணாம்'னே சொல்றேனே."

"வாய் மூடிவிடுமே அம்மா."

"வேணாம்னு சொன்னப்பறம் எவ சார் வாய மூடுறா? அப்புறந்தான் பேசவே ஆரம்பிப்பா."

கூடமே சிரித்தது. ஆனால் அவர் சொல்லிக் காட்டியபோது பார்த்தேன்: உண்மையாகவே இதழ் மூடவில்லை. எழுத்தில் ஒற்றாக நிற்பது பேச்சில் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. ஒரு மொழியை இத்தனை ஆண்டு படித்தும் அதன் வாயைப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று வியந்தேன். அன்றிலிருந்து எல்லார் வாயையும் பார்க்கத் தொடங்கினேன். தொடக்கத்தில் அது இன்பமான பழக்கமாகத்தான் இருந்தது.

பின்னர் தொழிலின் வேகம் கூடிற்று. ஒரு தொடர் எல்லா மொழிகளிலும் ஒரே நாளில் வெளிவர வேண்டும் என்றார்கள். படத்தொகுப்பு முடியுமுன்பே எங்களுக்குக் காட்சிகள் வந்தன. எழுதி முடித்தபின் காட்சி மாறிற்று. மாறியதற்கு எழுதினால் பழையதே நிலைத்தது. ஒருங்கிணைப்பாளராக இருந்த இளம்பெண்ணிடமிருந்து 'சார், சின்ன கரெக்‌ஷன்' என்று செய்தி வரும். சின்ன கரெக்‌ஷன் என்றால் பாதிப் பாகத்தை மீண்டும் எழுத வேண்டும் என்று பொருள். உண்ணும்போதும் வரும், பேருந்திலும் வரும். வராத வேளையில் வரப்போகிறதே என்று காத்திருப்பேன். காத்திருக்கும் வேளையில் எதிரே இருப்பவர் வாயைப் பார்த்துப் பழகிக்கொண்டிருப்பேன்.

மாமனார் வருகைக்கு முந்தைய வாரத்தில் ஒரு காட்சி என்னைப் படுத்திக்கொண்டிருந்தது. கதாநாயகியின் முகம் திரை முழுதும்; அவள் நீளமாகப் பேசுகிறாள்; இதழ் ஒரு முறையும் ஒட்டவில்லை. தமிழில் அப்படி எழுதிப் பார்த்தவர்க்குத்தான் தெரியும் துன்பம். அப்பா, அம்மா, மனம், நம்பிக்கை, போ, பார், எப்போது, மறுபடியும் என்று எங்கே திரும்பினாலும் இதழ் ஒட்டுகிறது. புலவர்கள் இதை விளையாட்டாகச் செய்யுளில் செய்து காட்டினார்கள். அவர்களுக்குக் கதாநாயகி இல்லை, கெடுவும் இல்லை. அந்த வேளையில்தான் என் மனைவி அடுப்பருகே நின்றுகொண்டு, பகரமும் மகரமும் அறவே இல்லாத, இயல்பான, நெஞ்சைத் தொடும் ஒரு வாக்கியத்தைச் சொன்னாள். நைனா அங்க ஒண்டியா கெடக்குறாரு, இங்கியே இட்டாந்துடட்டா. நான் 'அருமை' என்றது அந்த வாக்கியத்தின் அமைப்பை.

இதை அவளிடம் விளக்கினேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்போ நான் பேசுனா உனக்கு இன்னாதான் கேக்குது?"

கோபத்திலும் மிகுந்த அன்பிலும் மட்டுமே அவள் என்னை ஒருமையில் அழைப்பாள். அன்று எதில் அழைத்தாள் என்று தெரியவில்லை. நான் உண்மையைச் சொன்னேன். சில மாதங்களாகவே எதிரில் இருப்பவர் பேசினால் ஒலி எங்கோ பின்னால் போய்விடுகிறது. இதழ்கள் மட்டும் முன்னால் வந்து நிற்கின்றன. எத்தனை முறை ஒட்டின என்று மனம் குறித்துக்கொள்கிறது. அதற்குள் என்ன சொல்லைப் பொருத்தலாம் என்று தேடுகிறது. அவர் பேசி முடித்துவிடுகிறார். குறிப்பறிந்து தலையசைத்தே காலம் தள்ளிவந்தேன். திருப்பாச்சூரில் கல்லூரித் தோழன் ஒருவனின் தாய் இறந்தபோது துக்கம் கேட்கப் போனேன். அவன் என் கையைப் பற்றிக்கொண்டு, "அம்மா பூட்டாங்கடா" என்றான். இரண்டு இடத்தில் ஒட்டுகிறது என்று என் மனம் சொல்லிற்று. அவனைத் தழுவிக்கொண்டேன், ஆனால் முதலில் எழுந்தது அந்த எண்ணம்தான்.

அவள் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டாள். பிறகு, "டாக்டராண்ட போலாம்" என்றாள்.

"காதுக்கா?"

"காது நல்லாத்தான் கீது. குக்கர் எத்தினி விசில் உட்டுச்சுன்னு கரீட்டா சொல்றியே. மனசுக்கு. பேஜாரு பண்ணாம வா."

நான் அஞ்சினேன். மனநல மருத்துவரிடம் போவது இழிவு என்ற அச்சம் எனக்கு இல்லை. அது தீர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பழக்கம் போய்விட்டால் தொழிலும் போய்விடுமோ என்பதே என் அச்சம். இதழைப் பார்க்காத மொழிமாற்று எழுத்தாளனை யார் வைத்துக்கொள்வார்கள்? ஒரு பக்கம் சோறும் திறமையும். மறுபக்கம் என் மனைவியின் குரல். இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ள முடியுமா என்பதே அப்போது என் முன் நின்ற கேள்வி. முடியாது என்றே தோன்றியது.

ஒரு வேலைநாளில் அவள் விடுப்பெடுத்துக்கொண்டு, என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். திருவள்ளூர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கூட்டமிருந்தது. வயலிலிருந்து அப்படியே வந்தவர்கள், ஆலைச் சீருடையில் வந்தவர்கள், மகளின் தோளில் சாய்ந்து உறங்கும் ஒரு தாய். என்னைப் போன்றவர் இங்கே இருக்கமாட்டார் என்று எண்ணியபடி உள்ளே நுழைந்தேன். சற்று நேரத்தில் அந்த வரிசையில் நானும் ஒருவனாக இருந்தேன். அது ஓர் ஆறுதலாகவே இருந்தது.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. சளி பிடித்திருந்ததால் முகக்கவசம் அணிந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் விடை சொல்லிக்கொண்டே வந்தேன்.

"சாயங்காலம் எத்தனை மணிக்கு வேலைய முடிப்பீங்க?"

"முடிப்பது என்றால்?"

என் மனைவி குறுக்கிட்டாள். "அந்த வார்த்தைக்கு அர்த்தமே தெரியாது டாக்டர் இவருக்கு. தமிழ் எம்.ஏ. வேற."

மருத்துவரின் கண்கள் சிரித்தன. அந்தச் சிரிப்பைக் கண்ட கணத்தில்தான் எனக்கு உறைத்தது: நெடுநேரமாக அவர் சொல்வது முழுவதும் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு சொல்கூடத் தவறவில்லை. அவருடைய வாய் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நான் அதைச் சொன்னதும் அவர் கழற்றவிருந்த முகக்கவசத்தை அப்படியே விட்டுவிட்டார்.

"நல்லது. அப்ப கேக்குற திறமை எங்கயும் போயிடல. நீங்க வேலைய விட்டு எழுந்து வர்றீங்க. வேலை உங்கள விட்டு எழுந்திரிக்கல. அதுக்கு மருந்து மட்டும் போதாது. தூக்கத்துக்குக் கொஞ்ச நாள் மாத்திரை தர்றேன். ஆலோசகர் ஒருத்தர் இருக்காங்க, அவங்கள வந்து பாருங்க. ஆனா வேலைக்கு ஒரு முடிவு நேரம் நீங்கதான் வைக்கணும். அத நான் எழுதித் தர முடியாது."

"தொழிலை விட வேண்டியிருக்குமா?"

"நான் அப்படிச் சொல்லலியே. முடிக்கத்தான் சொன்னேன்."

திரும்பும் வழியில் அவள் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டு வந்தாள். தலைக்கவசத்தைத் தாண்டி, காற்றைத் தாண்டி, சரக்கு வண்டிகளின் இரைச்சலைத் தாண்டி எல்லாம் கேட்டது. அவள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் உணவறையில் சாம்பாரைக் குறை சொல்லிச் சமையற்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. அவளுடைய வலது முழங்கால் கொஞ்ச நாளாக வலிப்பது. மாமனார் வந்த நாளிலிருந்து வீட்டில் மீன் வாசனை நிரந்தரமாகிவிட்டது. முழங்கால் வலி எனக்குப் புதிய செய்தி. எப்போதிருந்து என்று கேட்டேன். "முன்னயே சொன்னேன், நீதான் பாத்துக்கினு இருந்த" என்றாள். வண்டியைச் செலுத்திக்கொண்டே நான் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது; காற்றில் தூசி என்று அவளும் நினைத்திருக்க மாட்டாள்.

பெரியபாளையத்தில் தேநீருக்காக நிறுத்தினோம். கடைப் பலகையில் அருகருகே, சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். வேலையை எப்படி முடிப்பது என்று அவளைக் கேட்டேன். என் தொழிலில் ஷிப்டு கிடையாது, சங்கு ஊதுவதில்லை, ஒரு பாகம் முடிந்தால் அடுத்தது வந்து நிற்கிறது என்று நீளமாகச் சொன்னேன்.

"எங்க பிரஸ்ஸுல ரிப்பேர்னா இன்னா பண்ணுவாங்க தெரியுமா? மொதல்ல மெயினை அணைப்பான். அணைச்சுட்டு அவனோட சொந்தப் பூட்ட அதுல மாட்டுவான். சாவி அவன் ஜோபுலதான் இருக்கும். மேனேஜர் வந்து குதிச்சாலும் யாரும் தொறக்கக் கூடாது. ஏன்னா அவன் கை மெஷினுக்குள்ள கீது."

"சரி."

"உனக்குக் கை இல்ல, தலையே உள்ள கீது. மெயின் ஓடிக்கினே இருக்குது."

"என் தொழிலில் மெயின் எங்கே இருக்கிறது?"

அவள் என் சட்டைப்பையிலிருந்த தொலைபேசியை விரலால் தட்டினாள். "இதுக்கு ஒரு ஸ்விட்ச்சு வெச்சிக்கிறானே, அது இன்னாத்துக்காம்? அழகுக்கா?"

அந்தத் தொலைபேசி அவள் தட்டிய வேகத்திலேயே அதிர்ந்தது. சின்ன கரெக்‌ஷன். இருவரும் சிரித்துவிட்டோம். நான் எடுக்கவில்லை. தேநீர் முடியும்வரை அது மூன்று நான்கு முறை அதிர்ந்து ஓய்ந்தது. எடுக்காமலிருப்பது எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு வேளையில் ஒரு தொடர்தான் எழுதுவேன்; அந்தி விளக்கேற்றும் பொழுதுக்குப் பின் திருத்தங்களை ஏற்க இயலாது; மறுநாள் காலை முதல் வேலையாக அவற்றை முடித்துத் தருவேன். பலமுறை திருத்தி, சந்திப்பிழை பார்த்து அனுப்பினேன். அனுப்பிய சற்று நேரத்தில் அந்தப் பெண் அழைத்தாள்.

"சார், நீங்க அனுப்பிச்சது மெயிலா, கல்வெட்டா? 'அந்தி விளக்கேற்றும் பொழுது'ன்னா எத்தனை மணி சார்?"

"ஆறு."

"ஆறுன்னே எழுதியிருக்கலாமே சார்."

"எழுதியிருக்கலாம்."

"சார், மேலேர்ந்து எனக்குக் கரெக்‌ஷன் வர்றதே எட்டு மணிக்கு மேலதான். நீங்க ஆறுக்குக் கதவச் சாத்துனா நான் எங்க போறது?" குரல் தாழ்ந்தது. "பெரிய சீரிஸ உங்ககிட்டேர்ந்து எடுத்துடுவாங்க சார். நான் தடுக்க முடியாது."

"தெரியும் அம்மா. உன்மேல் எனக்கு வருத்தமில்லை."

"வருத்தம் எனக்குத்தான் சார். ஆறு மணிக்கு மேல போனை எடுக்காத ஆளு ஒருத்தராவது இந்த வேலையில இருக்கணும்னு நானே நெனச்சிருக்கேன். அது நானா இருப்பேன்னு நெனச்சேன்."

சொன்னபடியே பெரிய தொடர் கைமாறிற்று. இழப்பு இழப்புதான். வருமானம் குறைந்தது, அதைவிட, நான் உருவாக்கிய கதாநாயகியின் பேச்சு வேறொருவர் கைக்குப் போனது உறுத்தியது. முதல் சில மாலைகள் கொடுமையாக இருந்தன. தொலைபேசியை அணைத்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் தொடர்வண்டி நிலையம்வரை நடப்பேன். ஆலைப் பேருந்துகள் ஷிப்டு முடிந்தவர்களை இறக்கிவிட்டுப் போகும். பை மாட்டிய பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டு போவார்கள். நான் முன்னால் நடந்து, பின்னாலிருந்து வரும் அவர்கள் பேச்சைக் கேட்டபடியே போவேன். பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பது அநாகரிகம். ஆலோசகரிடம் சொன்னபோது, "இதுவும் ஒரு பயிற்சிதான், பண்ணுங்க" என்று சிரித்தார்.

மாமனாருக்குத் தொடர்கள்மேல் பெரும் பற்று. நான் எழுதியது என்பதற்காகவே அந்தப் பெரிய தொடரைத் தொலைக்காட்சியில் பார்க்கத் தொடங்கி, பின்னர் அதற்காகவே பார்த்தார். புதிய எழுத்தாளர் எழுதிய முதல் பாகம் வந்த நாளில் நானும் அவரருகே சென்று அமர்ந்தேன். கதாநாயகி 'மன்னிச்சிடுங்க' என்றாள்; தெலுங்கில் அங்கே வாய் திறந்திருந்தது. மாமனார் பக்கம் திரும்பினேன்.

"மாமா, இது நான் எழுதியதில்லை."

"அப்டியா? போன வாரம் பாத்தது?"

"அது நான்."

அவர் திரையைக் கூர்ந்து பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது மாப்ள. அந்தப் பொண்ணு அழுவுது, மாமியாக்காரி கத்துறா. போன வாரமும் அழுதுச்சு, கத்துனா."

"வாய் ஒட்டவில்லையே, பார்க்கவில்லையா?"

"வாய எவன் பாக்குறான்? அது இன்னா சொல்லுதுன்னு கேக்கவே நேரம் பத்தல."

புண்பட்டேன், அதைச் சொல்லாமல் விட்டால் இது நேர்மையான நினைவுக்குறிப்பு ஆகாது. அன்றைய உணவைத் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டியபடி உண்டேன். ஆனால் கை கழுவும்போது தோளிலிருந்து ஏதோ இறங்கியிருந்ததை உணர்ந்தேன். நான் உயிரைக் கொடுத்துக் காத்த அந்தப் பொருத்தத்தை, என்மேல் அன்பு கொண்ட ஒருவரே கவனிக்கவில்லை. அது வேலையின் பெருமையைக் குறைக்கவில்லை. உயிரைக் கொடுக்க வேண்டிய அளவைத்தான் குறைத்தது.

சில வாரங்களில் அந்த இளம்பெண்ணே ஒரு சிறிய தொடரைப் பிடித்துத் தந்தாள். வேறொருவருடன் பகிர்ந்து எழுதுவது, காலக்கெடுவும் தாராளம். இம்முறை எழுதும் முறையை மாற்றினேன். முதலில் திரையை மூடிவிட்டுக் காட்சியின் ஒலியை மட்டும் கேட்பேன். இவள் யாரிடம், எதற்காக, எந்த வலியோடு பேசுகிறாள் என்பது விளங்கியபின் தமிழில் ஒரு வரி எழுதுவேன். அதன்பிறகே திரையைத் திறந்து இதழ்களுக்கு ஏற்பச் செதுக்குவேன். முன்பு வாயிலிருந்து பொருளுக்குப் போனேன். இப்போது பொருளிலிருந்து வாய்க்கு வருகிறேன். வேலை சற்று மெதுவாக நடக்கிறது. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வரும் திருத்தங்கள் குறைந்துவிட்டன. நான் அஞ்சியதுபோல் கண் தன் தேர்ச்சியை இழக்கவில்லை. அழைக்கும்போது வரவும், போ என்றால் போகவும் மெல்லப் பழகிக்கொண்டது.

எப்போதும் போய்விடுவதில்லை. வேலை நெருக்கிய ஒரு வாரத்தில், பால்காரர் கணக்குச் சொன்னபோது ஒலி மங்கி இதழ்கள் முன்வந்தன. அன்று மனைவியிடம், "மறுபடி வந்துவிட்டது" என்றேன். அவள் பதறவில்லை. "வண்டிய எடு" என்றாள். எல்லைச் சாலையில் சும்மா ஒரு சுற்றுப் போய்வந்தோம். அவள் பின்னாலிருந்து ஆலைக் கதைகளைச் சொன்னாள். அடுத்த முறை திருவள்ளூர் போனபோது மருத்துவரிடமும் சொன்னேன். வரும், போகும், மறைக்காமல் சொல்கிறீர்களே, அதுதான் முக்கியம் என்றார் அவர்.

இதெல்லாம் நடந்து ஓராண்டு ஆகிறது. சென்ற மாதம் ஒரு மாலை, தொலைபேசியை அணைத்துவிட்டு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து எனக்கு நேர் எதிரே, விளக்கு வெளிச்சத்தில் நின்றாள்.

"தடா தாண்டி எங்க கம்பெனி புது யூனிட்டு போடுது. பிரஸ் செக்‌ஷன் பூராத்துக்கும் என்னிய இன்சார்ஜா போவச் சொல்றாங்க. போவட்டா?"

அந்த வாக்கியத்தில் இதழ்கள் எங்கெங்கே ஒட்டின என்று எனக்கு அப்போது எண்ணத் தோன்றவில்லை. தோன்றியவை வேறு. ஆந்திர எல்லைக்கு அப்பால், தடா தாண்டி என்றால் விடியுமுன் பேருந்து ஏற வேண்டும். புதிய யூனிட் என்றால் நாள் முழுதும் நின்றபடி வேலை. வலது முழங்கால் என்னாகும்? பதவி பெரியது, அதற்கு அவள் முற்றிலும் தகுதியானவள், ஆனால் அவளுடைய மெயின் எங்கே இருக்கும், அதை அணைக்க அவளுக்கு யார் சொல்வார்கள்? கத்தியைக் கீழே வைத்தேன்.

"வேணாம்" என்றேன்.

அவள் இடுப்பில் கையை ஊன்றினாள். "ஏன் வேணாம்? காரணம் சொல்லு."

"முழங்கால்."

"முழங்கால் அங்க இருந்தாலும் வலிக்கும், இங்க இருந்தாலும் வலிக்கும்."

"இங்கே நாற்காலி இருக்கிறது."

"அங்க இன்சார்ஜுக்கு நாற்காலி இல்லாம ஸ்டூலா போடுவான்? நீ ஆறு மணிக்குக் கதவச் சாத்துனப்போ நான் வேணாம்னு சொன்னேனா? உன் சம்பளம் கொறஞ்சப்போ வாயத் தொறந்தேனா?"

"அது வேறு, இது வேறு."

"எப்டி வேற? சொல்லு, கேக்குறேன்."

நான் சொன்னேன். அவள் கேட்டாள், ஒவ்வொன்றையும் எடுத்து மறுத்தாள். அவள் மறுத்ததை நான் முழுதாகக் கேட்டேன். பாதி நியாயம் என்று பட்டது. மீதிப் பாதிக்கு மேலும் வாதிட்டேன். கூடத்திலிருந்து மாமனார், "ஏம்மா, ஏன் மாப்ள, கொஞ்சம் மெதுவா பேசக் கூடாதா? அந்தப் பொண்ணு இன்னா சொல்லுதுன்னே கேக்கல" என்றார். நாங்கள் நிறுத்தவில்லை. அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். நாங்களும் எங்கள் குரலைக் கூட்டினோம்.